‘புட் அப்’: எந்தப் ‘போடு’க்கு, எந்த இடத்தில்?

பந்தல் போடுகிறோம், போர்டு போடுகிறோம், தொழிலுக்குப் பணம் போடுகிறோம். இந்த மூன்று ‘போடு’க்கும் ஆங்கிலத்தில் ‘புட் அப்’ (put up) பொருந்தும். ஆனால் சட்டை போடுவது ‘புட் ஆன்’, டீ போடுவது ‘மேக்’, கோலம் போடுவது ‘டிரா’. காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடிப் பக்கம் வெளிநாட்டு விருந்தினருக்குப் பழைய செட்டிநாட்டு வீடுகளைச் சுற்றிக் காட்டுகிறவர்களுக்கு இந்த வினை நாளுக்குப் பத்துத் தடவையாவது வேண்டியிருக்கும். ‘போடு’ பாதி வழிக்குக் கைகொடுக்கும். மீதி வழியைத் தனியாகத்தான் பழக வேண்டும்.

முதலில் வாய்க்குப் பழக்குங்கள். ‘பட்’ என்று சொன்னால் ‘ஆனால்’ என்ற பொருள் வந்துவிடும், இது ‘புட்’. அழுத்தம் ‘அப்’பின் மேல் விழ வேண்டும். நேற்று நடந்ததற்கும் ‘புட்’தான், ‘புட்டட்’ என்ற சொல்லே கிடையாது. ‘யெஸ்டர்டே தே புட் அப் தி பந்தல்’ என்றால் நேற்றே பந்தல் போட்டாயிற்று.

அடுத்தது சொல் நிற்கும் இடம். தவறு அதிகம் நடப்பது இங்கேதான். பட்டாலை என்ற கூடத்துச் சுவரில் வரிசையாகப் படங்கள் மாட்டியிருக்கின்றன. விருந்தினர் கேட்கிறார்: ‘ஹூ புட் அப் தீஸ் பிக்சர்ஸ்?’ ‘படங்கள்’ என்று பெயரைச் சொல்லிப் பதில் சொன்னால் இரண்டு விதமும் சரி: ‘தே புட் அப் தி பிக்சர்ஸ்’, ‘தே புட் தி பிக்சர்ஸ் அப்’. ‘அவற்றை’ என்று சுட்டினாலோ ஒரே வழிதான்: ‘தே புட் தெம் அப்’. ‘புட் அப் தெம்’ என்பது காதில் கல் மாதிரி விழும். தெம், இட், யூ, ஹிம், ஹெர் எதுவானாலும் நடுவில்தான் உட்கார வேண்டும். இந்த ஒன்றை மட்டும் ஒரு வாரம் சத்தமாகச் சொல்லிப் பழகினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

‘புட் அப்’போடு ஓர் ஆளைச் சேர்த்தால் பொருள் மாறும்: தங்க வைப்பது. கல்யாணத்துக்கு வந்த சொந்தபந்தத்தை வளவு என்ற உள்முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளில் தங்க வைத்த கதையைச் சொல்ல ‘தே புட் அப் தி வெட்டிங் கெஸ்ட்ஸ் ஹியர்’ போதும். உறவு, நட்பு என்ற முறையில் இடம் கொடுப்பதற்குத்தான் இது நன்றாகப் பொருந்தும். வாடகை வாங்கும் விடுதி என்றால் ‘வீ ஹேவ் எ ரூம் ஃபார் யூ’ என்பதே நேரானது. ‘வேர் ஆர் யூ புட் அப்?’ என்று நம் ஊரில் கேட்கிறோம். லண்டன்காரர் ஒரு நொடி முழிப்பார். ‘வேர் ஆர் யூ ஸ்டேயிங்?’ என்று கேளுங்கள்.

கட்டடத்துக்கும் ‘புட் அப்’ வரும். கொட்டகை, வேலி, கூடாரம் என்றால் அழகாகப் பொருந்தும். பர்மாத் தேக்கும் சுண்ணாம்புக் காரையுமாக ஆண்டுக்கணக்கில் இழைத்த வீட்டுக்கு அது கொஞ்சம் அவசர வேலை மாதிரி தொனிக்கும். அங்கே ‘பில்ட்’ என்று சொல்வதே அந்த வீட்டுக்கு மரியாதை.

பணத்துக்கு இதை நம்பிப் பயன்படுத்தலாம். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்துக்காக வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். நிலத்துக்கு ‘கேவ்’, பணத்துக்கு ‘புட் அப்’: ‘ஹீ கேவ் தி லேண்ட் அண்ட் புட் அப் தி மணி’.

சண்டை போடுவதில் எச்சரிக்கை வேண்டும். ‘புட் அப் எ ஃபைட்’ வாய்த் தகராறு இல்லை, விட்டுக்கொடுக்காமல் எதிர்த்து நிற்பது. 1801-இல் கம்பெனிப் படையை எதிர்த்து நின்று, அந்த ஆண்டு அக்டோபரில் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட மருது சகோதரர்களைப் பற்றிச் சொல்லும்போது ‘தே புட் அப் எ பிரேவ் ஃபைட்’ என்பது மிகச் சரி. பக்கத்து வீட்டுச் சண்டைக்கு ‘குவாரல்’ போதும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் விற்கிறவர்களுக்கு இரண்டு: விற்பனைக்கு வைப்பது ‘புட் அப் ஃபார் சேல்’, விலை ஏற்றுவது ‘புட் அப் தி பிரைஸ்’. பழைய வீட்டுத் தூணை ‘தே புட் இட் அப் ஃபார் சேல்’ என்று சொல்லும்போதும் அந்த ‘இட்’ நடுவில்தான்.

‘வித்’ சேர்ந்தால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ‘புட் அப் வித்’ என்றால் பொறுத்துக்கொள்வது. இந்த மூன்று சொல்லும் ஒட்டியே நிற்கும், நடுவில் எதுவும் நுழையாது. ‘இட்’டும் கடைசியில்தான்: ‘புட் அப் வித் இட்’. விருந்தினர் ‘வீ ஹேட் டு புட் அப் வித் தி நாய்ஸ்’ என்றால் இரவெல்லாம் சத்தத்தில் தவித்திருக்கிறார் என்று பொருள். சிரித்துத் தலையாட்டாமல் உடனே ‘ஐ ஆம் வெரி சாரி’ சொல்லி, அறையை மாற்ற முடியுமா என்று பாருங்கள். கரண்ட் போனால் நீங்கள் ‘ப்ளீஸ் புட் அப் வித் இட்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ‘சகிச்சுக்கிட்டுக் கிட’ என்பது போல ஒலிக்கும். அந்த இடத்துக்கு உரியது ‘ப்ளீஸ் பேர் வித் அஸ்’.

அலுவலகத்தில் ‘ஃபைலைப் புட் அப் பண்ணு’ என்பது நம் நாட்டு வழக்கு. இங்கே யாருக்கும் புரியும். வெளிநாட்டுக்கு மின்னஞ்சல் எழுதும்போது ‘சப்மிட்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள்.