சப்ளையருக்குப் பணம் தரும் கெடு: ஊக்கம் கெட்டுப்போகும் இடங்கள்

திருப்பூரில் ஒரு டி-ஷர்ட் பெட்டிக்குள் போவதற்குள் நிட்டிங், சாயம், காம்பேக்டிங், பிரிண்டிங், தையல் என்று பல சிறு யூனிட்டுகளைத் தாண்டி வருகிறது. சனிக்கிழமை ஆனால் அங்கே கூலி கொடுத்தாக வேண்டும். பில் பணம் எப்போது வரும் என்பது அவர்களுக்கு விலையைப் போலவே முக்கியம். அதனால் சீக்கிரம் பணம் தருவது நல்ல ஊக்கம்தான். அதைக் கெடுத்துக்கொள்வது வேலை கொடுக்கும் நாமே.

சட்டப்படி தர வேண்டியதைச் சலுகையாகக் காட்டுவது பெரிய தவறு. 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாள்தான். இல்லாவிட்டால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட் என்ற வட்டி வீதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. கெடு தாண்டிய தொகையை, கொடுத்த ஆண்டில்தான் வருமான வரியில் செலவாகக் கழிக்க முடியும். ஆகவே “நல்லவர்களுக்கு 45, மற்றவர்களுக்கு 90” என்ற திட்டம் முதலிலேயே தப்பு. ஊக்கம் என்றால் 7 நாள், 10 நாள் என்று இருக்க வேண்டும்.

சரி, 10 நாளில் தருகிறோம், 2 சதவீதம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கலாமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். 35 நாள் முன்னால் தருவதற்கு 2 சதவீதம் என்றால், வருடத்துக்குச் சுமார் 21 சதவீத வட்டி. வெளியில் இரண்டு வட்டிக்குக் கடன் வாங்குபவர் ஒப்புக்கொள்வார். வங்கிக் கடன் உள்ளவர் அடுத்த கொட்டேஷனில் அந்த 2 சதவீதத்தைச் சேர்த்துவிடுவார். விலையில் கழிவு கேட்காமல் சீக்கிரம் கொடுத்து, அதற்குப் பதிலாகத் தரத்தையும் நேரத்தையும் கேட்பதுதான் என் பார்வையில் லாபம்.

அந்த நிபந்தனை சப்ளையரின் கையில் இருப்பதாக இருக்க வேண்டும். ஷேட் அப்ரூவலை, அதாவது சாய நிறத்துக்குத் தரும் ஒப்புதலை, நாமே ஒரு வாரம் இழுத்துவிட்டு, சாயப்பட்டறைக்காரர் தாமதம் செய்தார் என்று அவரை 10 நாள் பட்டியலிலிருந்து எடுப்பது அநியாயம். இரண்டு ரோலில் ஷேட் மாறியதற்காக முழு பில்லையும் நிறுத்துவதும் அப்படித்தான். பிரச்சினை உள்ள தொகையை மட்டும் நிறுத்தி, மீதியைக் கெடுவில் கொடுத்துவிடுங்கள். குறையையும் சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

அப்புறம், 10 நாள் என்று சொல்லிவிட்டு 25ஆம் நாள் தருவது. 30 நாள் என்று சொல்லி 30இல் தருபவருக்கே மெஷின் முதலில் ஓடும், ஏனென்றால் அந்தத் தேதியை நம்பி நூல்காரருக்குச் செக் கொடுக்கலாம். நம் கையில் பணம் இறுக்கமாக இருந்தால் வாக்குக் கொடுக்காமல் ட்ரெட்ஸ் (TReDS) என்ற, பில்லின் பேரில் பணம் தரும் ஆன்லைன் தளத்துக்குப் போகலாம். பில்லை நாம் ஏற்றுக்கொண்டால், வங்கிகள் போட்டிபோட்டு வட்டி சொல்லி சப்ளையருக்கு முன்கூட்டியே பணம் தரும். நாம் கெடு நாளில் வங்கிக்குக் கட்டினால் போதும்.