ஒரு சார்பை அரை முறை ஓட்டுவது எப்படி

ஓர் எண்ணை வாங்கி இன்னோர் எண்ணைத் தருவது சார்பு; வந்த விடையையே மறுபடி அதற்குள் போட்டு சார்பை இரண்டு முறை ஓட்டலாம், பத்து முறை ஓட்டலாம். அரை முறை? அதாவது, இரண்டு தடவை ஓட்டினால் மூலச் சார்பே கிடைக்கிற மாதிரி இன்னொரு சார்பு உண்டா? மதுரை தல்லாகுளத்தில் சாயங்காலம் என்னிடம் வரும் எம்.எஸ்சி. பிள்ளைகள் விடாமல் கேட்பது இதைத்தான். உண்டு, அதைக் கணக்குப் போட்டே எடுக்கலாம், பரீட்சைக்குக் கொண்டுபோகிற கேசியோ கால்குலேட்டர் போதும்.

√2-ஐ ஓர் எண்ணின் அடுக்குக்கு உயர்த்தும் சார்பை எடுத்துக்கொள்வோம். 1 போட்டு = தட்டுங்கள், அப்புறம் √2-இன் அடுக்கில் ஆன்ஸ் பட்டனை வைத்து = தட்டிக்கொண்டே இருங்கள். 1.41421, 1.63253, 1.76084 என்று ஏறி 2-இல் போய் ஒட்டிக்கொள்ளும். 2 நிலைப்புள்ளி, அதாவது ஓட்டினாலும் மாறாத எண், அங்கே வகைக்கெழு 2-இன் இயல் மடக்கை, 0.693147. இதுதான் பெருக்கி: 2-க்குப் பக்கத்தில் ஒவ்வொரு ஓட்டமும் தூரத்தை ஏறக்குறைய இதனால் பெருக்கும்.

ஜெர்மன் கணிதர் ஷ்ரோடரின் சார்புச் சமன்பாடு கேட்பது ஒன்றே ஒன்று: சார்பை ஒருமுறை ஓட்டுவது வெறும் பெருக்கலாக மாறிவிடுகிற மாதிரி ஓர் அளவுகோல் வேண்டும். பெருக்கியின் அளவு 0-க்கும் 1-க்கும் இடையில் இருந்தால் நிலைப்புள்ளியைச் சுற்றி அப்படி ஒன்று இருக்கிறது என்று பிரெஞ்சுக் கணிதர் கோனிக்ஸ் 1884-இல் நிறுவினார். அந்த அளவுகோலில் அரை ஓட்டம் என்பது பெருக்கியின் வர்க்கமூலமான 0.832555-ஆல் பெருக்குவது, அவ்வளவுதான்.

சரி, 1-ஐ அரை முறை ஓட்டினால் என்ன வரும் என்று போட்டுப் பார்ப்போம். நிலைப்புள்ளிக்கு மிக அருகில் அந்த அளவுகோல் ஏறக்குறைய தூரமேதான், அதனால் முதலில் 2-க்குப் பக்கத்தில் போகவேண்டும். 1-லிருந்து பத்து முறை ஓட்டினால் 1.983668, 2-க்கு இன்னும் 0.016332 தூரம். அதை 0.832555-ஆல் பெருக்கினால் 0.013597, ஆக 1.986403. இனி பத்து முறை பின்னோக்கி, ஒவ்வொரு தடவையும் 2 அடிமான மடக்கை எடுத்து இரட்டியுங்கள். 1.24194 வரும். உண்மை விடை 1.24362.

இந்த இடத்தில் எல்லோருக்கும் ஓட்டங்களின் எண்ணிக்கையைக் கூட்டத்தான் கை போகும். கூட்டலாம், ஆனால் ஓர் எல்லை உண்டு: ஐம்பது ஓட்டத்தில் தூரம் நூறு கோடியில் ஏழு பங்காகச் சுருங்கிவிடும், 2-லிருந்து கழிக்கும்போது கணினி வைத்திருக்கிற 16 இலக்கத்தில் பாதி காணாமல் போகும், பின்னோக்கி வரும்போது அந்தப் பிழையும் சேர்ந்தே வீங்கும். அதைவிட நல்ல வழி, இரண்டாம் உறுப்பைச் சேர்ப்பது. 2-இல் டெய்லர் தொடரின் இரண்டாம் கெழு 0.120113, அதை 0.832555 + 0.693147-ஆல் வகுத்தால் 0.078727. தூரத்தின் வர்க்கத்தை இதனால் பெருக்கினால் 0.000021; 1.986403-உடன் கூட்டிவிட்டு அதே பத்து முறை பின்னே வாருங்கள். 1.24362! இந்தச் சின்னத் திருத்தம் பத்தே ஓட்டத்தில் இவ்வளவு தருவது எனக்கு இன்னும் அலுக்காத விஷயம்.

பைத்தானில் எழுதுகிறவர்கள் எண்ணை ஓட்டாமல் தூரத்தையே ஓட்டுங்கள். முன்னே போக எக்ஸ்பிஎம்1 (e-இன் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்ததை இலக்கம் போகாமல் தருவது), பின்னே வர லாக்1பி (அதன் தலைகீழ்). கழித்தலே வராது, இலக்கமும் போகாது. முடித்ததும் விடையை மறுபடி அரை ஓட்டம் ஓட்டிப் பாருங்கள், 1.41421 வரவேண்டும்.

இதே சார்புக்கு 4-உம் நிலைப்புள்ளி, பெருக்கி 1.386294. அங்கிருந்து தொடங்கினால் கிடைப்பது வேறு அரை ஓட்டம், ஆனால் இருபது இலக்கத்துக்கு மேல் இரண்டும் ஒத்துப்போகும். வித்தியாசத்தைக் காண பைத்தானின் எம்பிமேத் நூலகம் மாதிரி கூடுதல் துல்லியம் வேண்டும். பெருக்கி சரியாக 1 என்றால் இந்த முறை செல்லாது, ஓர் ஓட்டத்தை 1 கூட்டுவதாக மாற்றும் ஏபல் சமன்பாட்டுக்குப் போகவேண்டும். √2-க்குப் பதில் e-ஐ உயர்த்தும் சாதாரண அடுக்குக்குறிச் சார்புக்கோ மெய்யெண்களில் நிலைப்புள்ளியே இல்லை. அதன் அரை ஓட்டத்தை ஜெர்மன் கணிதர் குனேசர் 1950-இல் சிக்கலெண் நிலைப்புள்ளி வழியாகத்தான் பிடித்தார்.