பழைய மலை ரயில் நிலையத்தைப் புதுப்பிக்கப் போகிறீர்களா? சிமென்ட் மூட்டையை முதலில் தள்ளி வையுங்கள்

மேட்டுப்பாளையத்தில் கிளம்பும் மலை ரயில் 1899-ல் குன்னூர் வரை வந்தது, 1908-ல் ஊட்டியைத் தொட்டது. 46 கிலோமீட்டர் நீளும் இந்தப் பாதை 2005-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. வண்டியைப் படம் எடுக்கக் கூட்டம் அலைமோதுகிறது. வழியில் இருக்கும் சின்ன நிலையங்களைத் திரும்பிப் பார்ப்பவர்கள் குறைவு. அதனால், லீவு நாளில் அவற்றைச் சீர்செய்ய ஊர்க்காரர்கள் தாங்களாகவே முன்வருவதைப் பார்த்தால் மனசு நிறைகிறது. அந்த உழைப்பு கட்டடத்துக்கே கெடுதலாகிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

பெரிய கெடுதல் சிமென்ட் பூச்சு. அந்தக் காலத்துச் சுவர்கள் பெரும்பாலும் சுண்ணாம்புக் காரையில் கட்டியவை. மழையில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், வெயிலில் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லை. உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல்லையும் கல்லின் மேற்பரப்பையும் அரித்தெடுத்துவிடும். பழைய கட்டடங்களில் தரையிலிருந்து ரெண்டு மூணு அடி உயரத்துக்குப் பூச்சு உப்பி நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். தட்டிப் பார்த்தால் டொக்கு டொக்கென்று சத்தம் வரும். பெயர்த்தால் பின்னால் செங்கல் மாவாக உதிரும். பிளாஸ்டிக் பெயின்டும் இதே வேலையைத்தான் செய்கிறது.

சரி, சுவரில் இருப்பது சுண்ணாம்பா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இடுக்கில் ஒரு ஆணியால் சுரண்டுங்கள். வெளுப்பாக, மிருதுவாக உதிர்ந்தால் பெரும்பாலும் சுண்ணாம்புதான். ஆனாலும் சுண்ணாம்பு வேலை தெரிந்த வயதான கொத்தனார் ஒருவரைக் கூட்டிவந்து காட்டிவிடுவது நல்லது. கடுக்காய், வெல்லம் கலக்கும் பழைய பக்குவம் அவர்களிடம் இருக்கும். ஆனால் கேள்விப்பட்ட கலவையையெல்லாம் இங்கே கொட்ட வேண்டாம். பழைய காரையில் ஒரு துண்டை எடுத்து, மணல் எவ்வளவு, எந்த மாதிரி மணல் என்று பார்த்து அதற்கு ஒத்துப்போகிறபடி கலக்க வேண்டும். சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீர் ஊற்றி நீற்றும்போது அது கொதிக்கும், கண்ணில் தெறித்தால் பார்வையே போய்விடலாம். சின்னப் பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

அடுத்தது பருவம். மே மாத சீசனுக்குள் முடிக்க வேண்டும் என்று டிசம்பரிலேயே பூச்சைத் தொடங்குகிறார்கள். குன்னூர்ப் பக்கம் அப்போது வடகிழக்கு மழையே முழுசாக ஓய்ந்திருக்காது. ஊட்டி, லவ்டேல் பக்கம் ஜனவரியிலும் உறைபனி விழும். ஈரச் சுண்ணாம்பு அந்தப் பனியில் மாட்டினால் பொருக்காகப் பெயர்ந்துவிடும். பிப்ரவரி கடைசியில் தொடங்குங்கள். சுண்ணாம்பு மெதுவாக இறுகுவது, ஒரு வாரத்துக்காவது ஈரச் சாக்கு போட்டு வெயில் படாமல் காக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மழை கொட்டும்போது குடையோடு போய் நின்றால் பாதிக் காரணம் தெரிந்துவிடும். தகரக் கூரையின் ஓரக் கால்வாயில் தைல மர இலை அடைத்திருக்கும், இறங்கு குழாய் உடைந்திருக்கும், பிளாட்பாரத்தை உயர்த்தி உயர்த்தி சுவரின் அடிப்பக்கம் மண்ணில் புதைந்திருக்கும். இவற்றை விட்டுவிட்டுச் சுவரைப் பூசினால் பூச்சு அடுத்த மழைக்கே போய்விடும்.

சுவர் இடுக்கில் வளர்ந்த செடியைப் பிடுங்காதீர்கள், காரையும் சேர்ந்து வந்துவிடும். அடியில் வெட்டிவிட்டு வேர் காயும்வரை பொறுத்திருங்கள். கல்லை ஆசிட் ஊற்றிக் கழுவுவது வேண்டவே வேண்டாம். தண்ணீரும் நார் பிரஷ்ஷும் போதும்.

மரக் கதவு, சன்னல்களின் பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் அந்தத் தூள் மூச்சில் போகும். நனைத்துத் தேயுங்கள், நல்ல மாஸ்க் போடுங்கள். தேய்க்கும் முன் ஓர் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு அடுக்கடுக்காகச் சுரண்டிப் பாருங்கள். பச்சைக்கு அடியில் பழுப்பு, அதற்கும் அடியில் வெளிர் மஞ்சள் என்று கட்டடத்தின் நிற வரலாறே கிடைக்கலாம். அதைப் படமெடுத்துக் குறித்து வைக்காமல் மேலே போகாதீர்கள். அப்புறம் பழைய கீல், தாழ்ப்பாள், விளக்குத் தாங்கி எதையும் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். கழற்றிய இடத்தின் பெயரை எழுதிக் கட்டி வையுங்கள்.

கடைசியாக, அனுமதி. நிலையமும் நிலமும் ரயில்வேக்குச் சொந்தம். ஸ்டேஷன் மாஸ்டர் வாய்வார்த்தையாகச் சரி என்றால் போதாது. எந்தச் சுவர், எந்தப் பொருள், எந்தத் தேதி என்று விவரத்தோடு எழுத்தில் வாங்குங்கள். வண்டி ஓடுகிற பாதை இது. கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே, ஏற்றத்தில் எஞ்சினின் பல்சக்கரம் பிடித்து ஏறுவதற்கான பல் தண்டவாளம் வேறு இருக்கிறது, குறுக்கே ஓடினால் கால் இடறும். கல்லாறு, ஹில்குரோவ் பக்கம் யானை நடமாட்டமும் உண்டு, அதனால் அங்கே சாயங்காலம் இருட்டுவதற்கு முன்பே வேலையை நிறுத்திவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.