வாடகையில் மிச்சம், வழியில் செலவு: வீடு தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்கள் வீடு தேடத் தொடங்கினால், எப்படியோ என் மேசைக்கு வந்துவிடுகிறார்கள். 19 ஆண்டுகளில் ஆறு வாடகை வீடுகளில் குடியிருந்தவள் என்பதும், தினமும் புறப்பட்ட நேரத்தையும் வந்து சேர்ந்த நேரத்தையும் குறிப்பேட்டில் எழுதிவைக்கும் பழக்கம் உள்ளவள் என்பதும் அதற்குக் காரணமாக இருக்கலாம். சென்ற மாதம் வந்த மூவரும், என் இரண்டாவது வீட்டைத் தேர்ந்தெடுத்தபோது நான் செய்த அதே தவறைச் செய்யவிருந்தார்கள். அதற்கு நான் அன்று சொல்லிக்கொண்ட அதே நியாயத்தைத்தான் அவர்களும் சொன்னார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலியான சாலையில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுக்கக் கூடாது என்பது போன்றவை எல்லோரும் அறிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஓடும் நேரத்தை மட்டும் எண்ணுவது

பயண நேரம் என்பது வண்டி ஓடும் நேரம் அன்று. வீட்டுக் கதவைப் பூட்டும் நொடியிலிருந்து இருக்கையில் உட்காரும் நொடி வரை உள்ள முழு நேரமே பயண நேரம். நிறுத்தத்துக்கு நடப்பது, அங்கே காத்திருப்பது, இறங்கிய பின் சாலையைக் கடப்பது, வண்டி நிறுத்த இடம் தேடுவது, மின்தூக்கிக்கு வரிசையில் நிற்பது ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். ரயிலில் 25 நிமிடம் என்று சொல்லிக் குடிபோனவர்களில் பலருக்கு அது கதவிலிருந்து கதவுக்கு 50 நிமிடமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சராசரியை நம்பி வீடு பிடிப்பது

மேலே சொன்ன என் தவறு இதுதான். இன்று வரையிலும் இதைக் கேட்டால் எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, சராசரியா 50 நிமிஷம்தான் ஆகுது, பரவாயில்லையே" என்று ஒருவர் சொல்லும்போது, அவர் கையில் இருக்கும் முன்பணத்தை வாங்கி அவர் பையிலேயே திரும்ப வைத்துவிட வேண்டும் போலிருக்கிறது.

அன்று எனக்கு முன் இரண்டு வீடுகள் இருந்தன. ஒன்றிலிருந்து பேருந்தில் போய், ஒரு சந்திப்பில் இறங்கி, அடுத்த பேருந்தில் ஏற வேண்டும். தரகர் 40 நிமிடம் என்றார். நானே மூன்று வேலை நாள்கள் போய்ப் பார்த்தேன்; ஏறத்தாழ 50 நிமிடம் ஆயிற்று. மற்றது ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருந்தது. மாறி ஏற வேண்டியதில்லை, ஆனால் மொத்தம் 58 நிமிடம். வாடகையும் சற்று அதிகம். நேரமும் கூட, வாடகையும் கூட என்றால் யோசிக்க என்ன இருக்கிறது என்று பேருந்தில் போக வேண்டிய வீட்டுக்கே குடிபோனேன்.

நான்கு மாதக் குறிப்புகளைக் கூட்டிப் பார்த்தபோது கணக்கு வேறாக இருந்தது. எழுதியிருந்த 82 நாள்களின் சராசரி 51 நிமிடம். அதில் தரகரைக் குறை சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் மிகக் குறைந்த நாள் 38 நிமிடம், மிக மோசமான நாள் 1 மணி 55 நிமிடம். 82 நாள்களில் 78 நாள்களில்தான் 80 நிமிடத்துக்குள் போய்ச் சேர்ந்திருந்தேன். அதாவது, 20 நாளில் 19 நாளாவது தாமதமில்லாமல் போக வேண்டுமானால், நான் தினமும் 80 நிமிடத்துக்கு முன்பே வீட்டை விட்டுக் கிளம்பியாக வேண்டும். எந்த நாள் மோசமான நாள் என்று காலையில் யாருக்கும் தெரியாது. ஆகவே நல்ல நாளிலும் மோசமான நாளுக்குரிய நேரத்திலேயே கிளம்ப வேண்டியிருக்கிறது. 51 நிமிடத்தில் போய்ச் சேர்ந்த நாள்களில் மிச்சமான 29 நிமிடத்தை, இன்னும் திறக்காத அலுவலகக் கதவுக்கு வெளியே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்று கழித்தேன். மாதத்துக்கு 22 வேலை நாள் என்றால் அது பத்தரை மணி நேரத்துக்கும் மேல்.

நான் வேண்டாம் என்ற வீட்டுக்கு என் பிரிவில் வேலை செய்த ஒருவர் குடிபோனார். அவருக்கு வழக்கமாக 58 நிமிடம் ஆயிற்று. சரியில்லாத நாளில் 65, 66. அவர் கிளம்பியதெல்லாம் 66 நிமிடத்துக்கு முன்புதான். என் வீடு ஏழு நிமிடம் கிட்டே என்று எண்ணியிருந்தேன். உண்மையில் அது 14 நிமிடம் தள்ளி இருந்தது.

மாலையில் இது இன்னும் கடுமையாகும், ஏனென்றால் வீட்டில் நமக்காகக் காத்திருப்பவர்களுக்கும் கெடு உண்டு. என் மகளை விட்டிருந்த குழந்தைகள் காப்பகம் ஆறரை மணிக்கு மூடும். ஒரு மழை நாளில் சந்திப்பில் இரண்டாவது பேருந்து வரவேயில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஏழரை. விளக்கெல்லாம் அணைத்துவிட்டு, சாவிக்கொத்தைக் கையில் பிடித்தபடி அங்கே வேலை செய்த அம்மா படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் என் மகள் காலணியும் பையும் மாட்டிக்கொண்டு, அழுது முடித்த முகத்தோடு தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள். சராசரி 51 நிமிடம் என்பது அந்தப் படியில் இருந்த இருவருக்கும் எந்த வகையிலும் உதவவில்லை.

போக்குவரத்துத் துறையில் இருப்பவர்கள் இதை எப்போதோ உணர்ந்துவிட்டார்கள். ஒரு சாலை எவ்வளவு நம்பகமானது என்று அளக்க, சராசரியோடு நிறுத்தாமல், 100 பயணங்களில் 95 பயணங்கள் எந்த நேரத்துக்குள் முடிகின்றன என்றும் பார்க்கிறார்கள். வேலைக்குப் போகிறவருக்கு அது ஏறத்தாழ மாதத்தில் ஒரு நாள் தாமதம் என்று பொருள். வீடு தேடுகிறவர் கேட்க வேண்டிய எண்ணும் அதுவே.

இந்த ஏற்ற இறக்கம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால், வீட்டைப் பார்க்கும்போதே ஓரளவு கணித்துவிடலாம். முதல் காரணம், மாறி ஏறுவது. முதல் வண்டி மூன்று நிமிடம் பிந்தினால் நமக்கு மூன்று நிமிடம் போவதில்லை. இணைப்பு வண்டி தவறி, அடுத்த வண்டி வரும் வரையுள்ள முழு இடைவெளியும் போய்விடுகிறது. இரண்டாவது, வண்டிகள் சேர்ந்து சேர்ந்து வருவது. 20 நிமிடத்துக்கு ஒரு பேருந்து ஒழுங்காக வந்தால், நேரம் பார்க்காமல் போய் நிற்பவர் சராசரியாக 10 நிமிடம் காத்திருப்பார். அதே பேருந்துகள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு 40 நிமிடத்துக்கு ஒரு முறை வந்தால், மணிக்கு மூன்று பேருந்து என்ற கணக்கு மாறாமலே காத்திருப்பு 20 நிமிடமாகிவிடும். கால அட்டவணையில் இது தெரியாது. மூன்றாவது, கொள்ளளவை எட்டிய சாலை. பாதி நிரம்பிய சாலையில் நூறு வண்டிகள் கூடினால் ஒன்றும் தெரியாது. நிரம்பி வழியும் சாலையில் அதே நூறு வண்டிகள் எல்லாவற்றையும் நிறுத்திவிடும். ஒரே பாலத்தையோ ஒரே ரயில்வே கேட்டையோ கடந்துதான் போக வேண்டும் என்ற நிலையில் உள்ள வீடு, தூரம் குறைவாக இருந்தாலும் இந்த வகையைச் சேர்ந்தது.

ஆகவே, வீடு பார்க்கும்போது அந்தத் தெருவில் குடியிருந்து வேலைக்குப் போகும் ஒருவரிடம் "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்காதீர்கள். "காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள், வேலை எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு அவர் நல்ல நாளைச் சொல்வார். இரண்டாவது கேள்விக்கு, ஆண்டுக்கணக்கில் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்வார். கூகுள் மேப்ஸில் வேலை நாளின் புறப்படும் நேரத்தைக் குறித்து, காரில் போகும் வழியைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே எண்ணாக அல்லாமல் இன்ன நிமிடத்திலிருந்து இன்ன நிமிடம் வரை என்று காட்டும். அதில் பெரிய எண்ணை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் 14 மாதம் கழித்து, மீண்டும் ஒரு முன்பணமும் சாமான் ஏற்றும் கூலியும் கொடுத்து, ரயில் பாதை ஓரத்து வீடு ஒன்றுக்கு மாறினேன். முதலிலேயே மாறாததற்குக் காரணம், கொடுத்த முன்பணத்தை விட மனமில்லாததுதான்.

மிச்சத்தை மணிக்கணக்கில் வகுக்காதது

வாடகை எவ்வளவு குறைகிறது என்பதை மட்டும் பார்த்தால் எந்தத் தொகையும் பெரிதாகத் தெரியும். அதிலிருந்து கூடுதல் பயணச் செலவைக் கழித்து, மீதியைக் கூடுதல் பயண மணிகளால் வகுத்துப் பார்க்க வேண்டும். ஒரு வழிக்கு 40 நிமிடம் கூடினால் நாளுக்கு 80 நிமிடம். 22 நாளுக்கு 29 மணி 20 நிமிடம். எட்டு மணி நேர வேலை நாளில் 80 நிமிடம் என்பது சரியாக ஆறில் ஒரு பங்கு. மாதத்தில் மிஞ்சும் தொகை உங்கள் சம்பளத்தில் ஆறில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால், அலுவலகம் உங்கள் நேரத்துக்குக் கொடுப்பதைவிடக் குறைந்த விலைக்கு அதை விற்கிறீர்கள். சொந்த நேரத்தை அவ்வளவு உயர்வாக மதிப்பிட வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. போக்குவரத்துத் திட்டங்களை மதிப்பிடும்போது, சொந்தப் பயணத்தின் ஒரு மணி நேரத்தைச் சம்பளத்தின் பாதியளவில் கணக்கிடுவது பரவலான வழக்கம். அந்தக் கணக்குப்படி பன்னிரண்டில் ஒரு பங்கு. அதற்கும் கீழே இருந்தால், அந்த வீடு எவ்வளவு காற்றோட்டமாக இருந்தாலும் மலிவான வீடு அன்று.

இரண்டாவது வண்டி

தள்ளிப் போனதால் வீட்டுக்கு இன்னொரு வண்டி வாங்க வேண்டுமென்றால், வாடகை மிச்சத்தை மறந்துவிடுங்கள்.

"பழகிவிடும்" என்று நினைப்பது

பழக்கம் இரண்டு பக்கமும் ஒரே அளவில் வேலை செய்வதில்லை. கூடுதலாகக் கிடைக்கும் ஓர் அறை முதல் சில மாதங்கள் மகிழ்ச்சி தரும். பிறகு அது வெறும் அறைதான், பெரும்பாலும் துணி மடித்து வைக்கும் அறை. நெரிசலில் நிற்பதோ, இன்றைக்கு வண்டி வருமா என்று கழுத்தை நீட்டிப் பார்ப்பதோ அப்படிப் பழகுவதில்லை, ஏனென்றால் அது நாளுக்கு நாள் வேறாக இருக்கிறது. பொருளியல் பாடப்படி, நீண்ட பயணம் செய்கிறவர் குறைந்த வாடகையாலோ நல்ல வேலையாலோ அதற்கு ஈடு பெற்றிருக்க வேண்டும்; இல்லாவிட்டால் அவர் வீடு மாறியிருப்பார். புரூனோ ஃப்ரை, அலோயிஸ் ஸ்டட்சர் என்ற இரு பொருளியலாளர்கள், ஜெர்மனியில் ஒரே குடும்பங்களிடம் ஆண்டுதோறும் திரட்டப்பட்ட தரவுகளைக் கொண்டு இதைச் சோதித்து, 2008-இல் வெளியிட்டார்கள். நீண்ட பயணம் செய்கிறவர்கள் தங்கள் வாழ்க்கையில் குறைவான மனநிறைவையே தெரிவித்திருந்தார்கள். ஈடு கிடைத்ததாகத் தெரியவில்லை. என் இரண்டாவது வீட்டில் இரண்டு பால்கனிகள் இருந்தன. 14 மாதங்களில் அவற்றில் எத்தனை முறை உட்கார்ந்தேன் என்பதை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

வீட்டிலிருந்து வேலை செய்யும் நாள்களைக் கழித்துக்கொள்வது

நிறுவனத்தின் விதி ஒரு மின்னஞ்சலில் மாறும். வாடகை ஒப்பந்தம் மாறாது.

இருவருக்கும் நடுவில் வீடு பார்ப்பது

கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், இரண்டு அலுவலகங்களுக்கும் சரிபாதித் தூரத்தில் குடியிருப்பது நியாயமாகத் தோன்றும். நடைமுறையில், நடுவில் இருக்கும் இடம் எந்த நேர்வழியிலும் இல்லாமல், இருவரையும் மாறி ஏற வைக்கும் இடமாக அமைந்துவிடுவதுண்டு. யாருடைய வேலை நேரம் வளையாததோ, யார் பிள்ளையை அழைத்துவரப் போகிறாரோ, அவருடைய பயணத்தை முதலில் சுருக்க வேண்டும். அந்த ஆள் மனைவியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மற்றவருக்கு மாறி ஏறாத, நீளமானாலும் ஒழுங்கான பயணம் இருந்தால் போதும்.

எப்படியாவது அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே என்று அடம்பிடிப்பது

மேலே சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, எதிர்ப்பக்கம் ஓடியவர்களும் உண்டு. ஒரு தம்பி, சம்பளத்தில் பாதியை வாடகையாகக் கொடுத்து அலுவலகத்துக்கு அடுத்த தெருவில் குடிவந்தார். எட்டு மாதத்தில் அவர் பிரிவையே ஊரின் மறுமுனைக்கு மாற்றிவிட்டார்கள். ஒப்பந்தத்தில் இன்னும் மூன்று மாதம் மீதி இருந்தது. ஓர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் என்பதைவிட, பல அலுவலகங்களைத் தொட்டுச் செல்லும் ஒரு ரயில் பாதைக்குப் பக்கத்தில் என்று தேடுவது பாதுகாப்பானது. உட்கார இடம் கிடைத்து, தினமும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும் 50 நிமிடப் பயணத்தை, நெரிசலில் வண்டி ஓட்டும் 30 நிமிடத்துக்காக விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. அந்தத் தம்பி இப்போது மறுபடியும் வீடு தேடுகிறார். இந்த வாரம் செவ்வாய்க்கிழமை மாலை, வேலை முடிந்த நெரிசல் நேரத்தில், புதிய அலுவலகத்திலிருந்து, தான் பார்த்துவைத்திருக்கும் வீட்டு வாசல் வரை போய்விட்டு வந்து, நேரத்தை எழுதிக் கொண்டுவந்து காட்டினார். வெள்ளிக்கிழமையும் ஒரு முறை போய்விட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.