பழைய மியாட்டாவை ஸ்மாக் செக்கில் பாஸ் ஆக்குவது எப்படி?

என்னிடம் இருப்பது 1992 மாஸ்டா மியாட்டா என்ற குட்டி ஸ்போர்ட்ஸ் கார், 1.6 லிட்டர் எஞ்சின். கலிஃபோர்னியாவில் வாங்கியது. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் வேகத்துக்காக அதில் நிறைய கைவைத்திருந்தார். ஸ்மாக் செக் என்பது கார்ப் புகைக்கு அங்கே கட்டாயமான அரசுச் சோதனை. முதல் ஸ்மாக் செக்கில் ஃபெயில், அதுவும் இரண்டு காரணங்களுக்காக. கொஞ்சம் வேலை பார்த்தபின் நல்லபடியாகத் தேறியது. இதே நிலையில் இருக்கும் புதியவர்களுக்காக, நான் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

சோதனையில் என்ன பார்க்கிறார்கள்?

கலிஃபோர்னியாவில் 1975 வரையிலான பெட்ரோல் கார்களுக்கு ஸ்மாக் செக் கிடையாது. 2000 முதல் வந்த கார்களில், காருக்குள் இருக்கும் கணினியோடு ஒரு கருவியைச் செருகிப் பார்ப்பார்கள். நடுவில் இருக்கும் 1976 முதல் 1999 வரையிலான கார்களுக்குத்தான் புகைக்குழாயிலேயே குழல் வைத்து அளக்கிறார்கள். பெருநகரப் பகுதிகளில் காரை உருளைகள் மேல் ஏற்றி, மணிக்கு 15 மைல், 25 மைல் என்று இரண்டு வேகங்களில் ஓட்டி அளப்பார்கள். ஹைட்ரோகார்பன், கார்பன் மோனாக்சைடு, நைட்ரிக் ஆக்சைடு என்று மூன்று எண்கள் வரும். இதைத் தவிர பானெட்டைத் திறந்து கண்ணால் பார்க்கும் சோதனையும், பெட்ரோல் மூடி, இக்னிஷன் டைமிங் (பிளக் தீப்பொறி விடும் நேரம்) சோதனைகளும் உண்டு. புகை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் கண்பார்வைச் சோதனையில் தவறினால் ஃபெயில்தான்.

இன்னும் கார் வாங்கவில்லை என்றால் ஒரு விஷயம். அங்கே தனியாரிடம் வாங்கும்போது, 90 நாட்களுக்குள் எடுத்த ஸ்மாக் சான்றிதழைத் தரவேண்டியது விற்பவர் பொறுப்பு. கேட்டு வாங்குங்கள். நம்பர் பிளேட்டை வைத்து அந்தக் காரின் பழைய ஸ்மாக் முடிவுகளை அரசு இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கவும் முடியும்.

முதல் வேலை: பானெட்டுக்கு அடியில்

எஞ்சினில் மாற்றிய ஒவ்வொரு பாகத்திலும் 'ஈ.ஓ.' எண் இருக்கிறதா என்று தேடுங்கள். மாநிலக் காற்றுவள வாரியம் அந்தப் பாகத்தைச் சோதித்து அனுமதித்ததற்கு அடையாளம் அது. எண் இருந்தால் சூப்பர்சார்ஜர்கூடப் பாஸ் ஆகும். மியாட்டாவுக்கு வந்த ஜாக்சன் ரேசிங் சூப்பர்சார்ஜருக்கு அப்படி அனுமதி இருந்தது. எண் இல்லாவிட்டால் சாதாரண ஏர் ஃபில்டர்கூடக் காலை வாரிவிடும்.

என் காரில் நடந்தது அதுதான். ஒரிஜினல் ஏர் பாக்ஸைக் கழற்றிவிட்டு, காற்றை அளக்கும் மீட்டரின் வாயில் ஒரு கூம்பு ஃபில்டரை மாட்டியிருந்தார்கள். வால்வ் கவரிலிருந்து இன்டேக் குழாய்க்குப் போகவேண்டிய ரப்பர் ஹோஸைப் பிடுங்கிவிட்டு, அங்கே ஒரு குட்டி ஃபில்டரைச் செருகியிருந்தார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் எஞ்சினுக்குள்ளிருந்து கசியும் எண்ணெய் ஆவி திரும்ப எரிய வழியில்லாமல் நேரே காற்றில் கலக்கும். அந்த ஹோஸைப் பழையபடி இணைத்தே ஆகவேண்டும். பழைய கார் உதிரிபாகக் கடையில் ஏர் பாக்ஸும் ஹோஸும் சேர்த்து வாங்கி, ஒரு மதியத்தில் மாட்டிவிட்டேன்.

புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் குனிந்து பாருங்கள். மாற்றியதாக இருந்தால் அதன் உடம்பிலேயே ஈ.ஓ. எண் பொறித்திருக்கவேண்டும், அந்த எண் உங்கள் காரின் வருடத்துக்கும் எஞ்சினுக்கும் பொருந்தவேண்டும். காருக்கு அடியில் போகும்போது ஜாக்கை மட்டும் நம்பாதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம்.

புகைக் கசிவு

காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கம் காது கொடுங்கள். 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் கசிவு. புகையில் உள்ள ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால் இப்படி ஒரு ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே போகும். சென்சார் அதைப் பார்த்து 'பெட்ரோல் போதவில்லை' என்று தவறாகச் சொல்லும். கணினி அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டும். கார்பன் மோனாக்சைடு எகிறும். கேஸ்கெட் மாற்றினால் தீர்கிற பிரச்சினைக்குப் பலர் புதுச் சென்சார், புதுக் கன்வெர்ட்டர் என்று செலவழிக்கிறார்கள்.

அப்புறம் ஸ்பார்க் பிளக், பிளக் வயர், ஏர் ஃபில்டர், எஞ்சின் ஆயில். பழசாக இருந்தால் மாற்றிவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம்.

டைமிங்

எனக்குக் கண்பார்வைச் சோதனை தவிர நைட்ரிக் ஆக்சைடும் தவறியிருந்தது. எஞ்சினுக்குள் வெப்பம் கூடினால் உருவாகும் வாயு அது. இந்த எஞ்சினுக்குக் கம்பெனி சொன்ன டைமிங் 10 டிகிரி, கூடக் குறைய 1 டிகிரி. இழுவைக்காக அதை 14-க்கு ஏற்றுவது மியாட்டாக்காரர்களிடம் ரொம்பப் பழைய பழக்கம். என் காரிலும் 14-தான் இருந்தது.

சரிசெய்வது கஷ்டமில்லை. எஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள். ஏசி, விளக்கு, ஃபேன் எல்லாம் ஆஃப். பானெட்டுக்கு அடியில் டிரைவர் பக்கம் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருக்கும். மூடியின் உட்புறம் எழுத்துகள் அச்சிட்டிருக்கும். அதில் 'டி.இ.என்.' துளையையும் 'ஜி.என்.டி.' துளையையும் ஒரு துண்டு வயரால் இணையுங்கள். இதை மறந்தால் கணினி தானே டைமிங்கை மாற்றிக்கொண்டிருக்கும், நீங்கள் பார்க்கும் அளவு பொய். டைமிங் லைட்டின் கிளிப்பை முதல் சிலிண்டரின் பிளக் வயரில் மாட்டி, முன்னால் உள்ள கிராங்க் புல்லியின் மேல் வெளிச்சத்தை அடியுங்கள். சுற்றுகிற புல்லியில் கோடு அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். எஞ்சினின் பின்கோடியில் கேம் ஆங்கிள் சென்சாரைப் பிடித்திருக்கும் 12 எம்.எம். போல்ட்டைத் தளர்த்தி, சென்சாரை மயிரிழை திருப்புங்கள். கோடு 10-க்கு நேரே வந்ததும் முறுக்கி, மறுபடி ஒருமுறை பாருங்கள், முறுக்கும்போது நகர்ந்திருக்கும். கடைசியில் அந்த வயர்த் துண்டை எடுக்க மறக்காதீர்கள்.

சோதனை நாள்

கன்வெர்ட்டர் சூடாக இருந்தால்தான் வேலை செய்யும். அதனால் நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் ஓட்டி, எஞ்சினை அணைக்காமல் நேரே போய் நில்லுங்கள். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனால் வரிசையில் நின்று ஆறாது. முதலில் 'ப்ரீ டெஸ்ட்' செய்து தரச் சொல்லுங்கள். முடிவு அரசுப் பதிவில் ஏறாது, எண்கள் மட்டும் உங்கள் கைக்கு வரும்.

அந்தத் தாளைத்தான் கவனமாகப் படிக்கவேண்டும். ஹைட்ரோகார்பன் மட்டும் கூட என்றால் பெட்ரோல் எரியாமல் வெளியேறுகிறது. பிளக், வயரைப் பாருங்கள். கார்பன் மோனாக்சைடு கூட என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. சென்சார், புகைக் கசிவு, அடைத்த ஃபில்டர். நைட்ரிக் ஆக்சைடு கூட என்றால் டைமிங், கூலிங், அல்லது பெட்ரோல் போதாமை. மூன்றுமே கூட என்றால் பெரும்பாலும் கன்வெர்ட்டர் ஆயுள் முடிந்தது. டேங்கில் ஊற்றும் திரவங்களை நம்பி இவற்றை ஒத்திப்போடாதீர்கள்.

உங்கள் கார் 1996 அல்லது அதற்குப் பிந்தையது என்றால், சோதனைக்கு முன் பேட்டரியைக் கழற்றவே கூடாது. கணினியின் சுயபரிசோதனைகள் அழிந்து, சில நாட்கள் ஓட்டினால்தான் அவை மறுபடி நிறைவடையும்.

பாஸ் ஆனபின் அந்தத் தாளைக் காரிலேயே வையுங்கள். இரண்டு வருடம் கழித்து வரும் எண்களை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்தப் பாகம் களைத்துவருகிறது என்று ஃபெயில் ஆவதற்கு முன்பே தெரிந்துவிடும்.