வீட்டில் பராமரிக்கும் முதியவருக்கு முதுமைத் தளர்ச்சி உண்டா? ஐந்து கேள்வியும் நாலு மீற்றர் நடையும்

சின்னக் காய்ச்சலோடு படுத்தவர் பிறகு எழும்பி நடமாடவே இல்லை என்றால், உடம்பின் கையிருப்பு காய்ச்சலுக்கு முன்பே கரைந்திருக்கலாம். அந்தக் கரைவுதான் முதுமைத் தளர்ச்சி.

வேண்டியவை: அளவு நாடா, வெண்கட்டி, கைபேசி, தராசு, கிளினிக் கொப்பி. ஊசித் தராசை விட இலக்கத் தராசு நல்லது. அதைச் சீமெந்துத் தரையில் வையுங்கள், பாயின்மேல் வேண்டாம்.

படி 1: கேள்விகள்

இது முதுமைத் தளர்ச்சியைக் கண்டறிய உதவும் ‘பிரெயில்’ (FRAIL) என்ற வினாப்பட்டியல். ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி.

களைப்பு: “அம்மா, இந்த நாலு கிழமையா எவ்வளவு நேரம் களைச்ச மாதிரி இருந்திச்சு?” எந்நேரமும் அல்லது பெரும்பாலும் என்றால் 1.

படி: துணையும் தடியும் இல்லாமல், இளைப்பாறாமல் 10 படி ஏறக் கஷ்டமா? மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் மாடியில்லாத வீடுகள் நிறைய. “இங்க படியே இல்லையே” என்ற பதிலுக்குப் பூச்சியம் போட்டால் கணக்குப் பிழைக்கும். ஆஸ்பத்திரி, மகளின் மாடிவீடு என்று கடைசியாக ஏறிய படியை நினைவூட்டிக் கேளுங்கள்.

நடை: துணையில்லாமல் சில நூறு மீற்றர் நடக்கக் கஷ்டமா?

நோய்: பிரஷரும் சீனியும் இருப்பதால் ஒரு புள்ளி போட்டுவிடுகிறார்கள். அது பிழை. உயர் குருதியமுக்கம், நீரிழிவு, மாரடைப்பு, இதய நெஞ்சுவலி, இதயச் செயலிழப்பு, பக்கவாதம், ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் நோய், மூட்டுவாதம், சிறுநீரக நோய், புற்றுநோய் ஆகிய 11இல் குறைந்தது 5 இருந்தால்தான் 1.

எடை: ஒரு வருடத்தில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் 1. 60 கிலோ இருந்தவர் 57க்குக் கீழே இறங்கினால் கவனியுங்கள். பழைய எடை கிளினிக் கொப்பியில் இருக்கும். கால் வீக்கம் எடை இழப்பை மறைத்துவிடும்.

பிள்ளைகள் முந்திக்கொண்டு பதில் சொல்ல விடாதீர்கள்.

படி 2: நாலு மீற்றர் நடை

பிழை கூடுதலாக வருவது இங்கேதான். நாலு மீற்றரைக் கோடிட்டு, முன்னும் பின்னும் ஒவ்வொரு மீற்றர் விடுங்கள். புறப்படும்போது வேகம் கூடும், நிற்கும்போது குறையும். அந்த இரண்டையும் கணக்கில் சேர்க்கக் கூடாது. முதல் கோட்டைக் கால் தாண்டும்போது கடிகாரத்தைத் தொடங்குங்கள், கடைசிக் கோட்டில் நிறுத்துங்கள். “கெதியா நடங்க” என்று சொல்லாமல், “கடைக்குப் போற மாதிரி நடங்க” என்று சொல்லுங்கள். இரண்டு முறை நடக்கவிட்டு, குறைந்த நேரத்தை எழுதுங்கள். 5 செக்கனுக்கு மேல் என்றால் நடை மெதுவானது.

மணல் வளவில் எல்லோரும் மெதுவாகத்தான் நடப்பார்கள், விறாந்தை நல்லது. வழுக்கும் ரப்பர் செருப்பைக் கழற்றுங்கள், சாறனை உயர்த்திக் கட்டுங்கள். தடி பாவிப்பவர் தடியோடே நடக்கட்டும், அதைக் குறித்து வையுங்கள். அவருக்கு முன்னால் நடக்காதீர்கள். பலம் குறைந்த பக்கமாகச் சற்றுப் பின்னால் நில்லுங்கள். தலைச்சுற்றோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே நிறுத்துங்கள்.

படி 3: கணக்கு

0 என்றால் தளர்ச்சி இல்லை. 1–2 முன்நிலை. 3–5 தளர்ச்சி. இது நோய் நிர்ணயமல்ல. புள்ளி மூன்றோ அதற்கு மேலோ என்றால், அல்லது நடை மெதுவாக இருந்தால், எல்லா மருந்துகளையும் ஒரே பையில் போட்டு வைத்தியரிடம் கொண்டுபோங்கள். இரத்தச்சோகை, தைரொயிட், மனச்சோர்வு, தூக்க மருந்து எல்லாமே இப்படிக் களைப்பைத் தரும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

பிற்சேர்க்கை: நோன்பு நாட்களில் மாலை வேளையிலும், டெங்கு போன்ற காய்ச்சல் விட்ட உடனேயும் சோதிக்க வேண்டாம். உடல் தேறியபின் காலையில் செய்யுங்கள். படுக்கையிலேயே இருப்பவருக்கு நடைச் சோதனை பொருந்தாது.