ரைபிள் பேரலின் அழுக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாரல் தொடங்கிவிட்டால் ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் ஈரக்காற்று செங்கோட்டைப் பக்கத்தில் எதையும் விட்டுவைப்பதில்லை. பஞ்சு வைத்த உறைக்குள் இரண்டு வாரம் மூடிக் கிடந்த .22 (அங்குல அளவுக் குண்டு சுடும்) ரைபிளின் பேரலில், அதாவது குண்டு பாயும் குழலில், வெள்ளைத் துணித்துண்டை விட்டு இழுத்தால், கரியோடு செம்பழுப்புத் துருவும் ஒட்டிக்கொண்டு வரும். இதைக் கண்டு மிரண்டு, அழுக்கே கூடாதென்று ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் பேரலைப் பளபளவென்று தேய்ப்பதுதான் இங்கே நான் அதிகம் பார்க்கும் தவறு.

.22 தோட்டாவின் ஈயக்குண்டுக்கு மெழுகு போன்ற பூச்சு உண்டு. அது குழலின் உட்புறத்தில் மெல்லிய படலமாகப் படிந்து, குண்டுக்குக் குண்டு உராய்வு ஒரே அளவாக அமைந்த பிறகுதான் குண்டுகள் ஓரிடத்தில் விழத் தொடங்கும். 50 மீட்டர் ரைபிள் போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்தான், ஆகவே, துடைத்த பேரலின் முதல் சில குண்டுகளை நம்பி சைட்டை (குறிபார்க்கும் கருவியை) திருகுபவருக்கு, படலம் பதிந்ததும் மறுபடி திருக நேரிடும். தோட்டா வகையை மாற்றும்போதும் இதே கதைதான். பழைய பூச்சு போய்ப் புதியது பதியச் சிறிது நேரம் பிடிக்கும்.

துடைக்காமலே விடுவதும் ஆகாது. தோட்டா உட்காரும் அறை முடிந்து, குண்டைச் சுழலவைக்கும் வரிப்பள்ளம் தொடங்கும் இடத்தில், வெடிமருந்துக் கரி வளையமாக இறுகிவிடும். குண்டு வெளியேறும் வாய்ப்பக்கமிருந்து பார்த்தால் அது கண்ணுக்குத் தெரியாது. இலக்கில் நெருங்கி விழுந்த குண்டுகளின் குழுவிலிருந்து ஒரு குண்டு மட்டும் விலகும்போது மூச்சையும் விசை இழுப்பையும் நொந்துகொள்வோம். நானும் ஒரு பருவம் முழுக்க அப்படி நொந்திருக்கிறேன். அறைப்பக்கமிருந்து கரைப்பானை விட்டு, சற்று ஊறவைத்துத் துலக்கினால் வளையம் கரைந்து வரும். வாய்ப்பக்கமாகக் கம்பியை நுழைத்துத் தேய்த்தால் விளிம்பு ஒருபுறம் தேயும். குண்டு கடைசியாகத் தொடும் இடம் அதுவென்பதால் அந்தச் சேதத்தை எந்தத் துப்புரவும் சரிசெய்யாது.

எல்லையோரத்து வீடுகளில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது தேங்காயெண்ணெய். ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் அதை, மார்கழிக் காலையில் பேரலுக்குள் பூசிவைப்பது நெய் தடவிய கிண்ணத்துக்குச் சமம். உரிய துப்பாக்கி எண்ணெயையே பூசியிருந்தாலும், சுடுவதற்கு முன் உலர்ந்த துணியை இரண்டு முறை இழுக்காவிட்டால் முதல் குண்டு தனியே போய் விழும்.